போலந்தில் புதுசா? ஆங்கிலத்தைப் போலிஷுக்கு மாற்றும்போது கை சுடாமல் இருக்க

வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இரண்டு வகை ஆங்கிலம் இருந்தது. ஒன்று காகிதத்தில்: பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பட்டம். இன்னொன்று வாயில்: ப்ளீஸ், தேங்க்யூ, எக்ஸ்கியூஸ் மீ. இரண்டையும் போலிஷாக்க வேண்டியிருந்தது, இரண்டிலும் நன்றாகவே சொதப்பினேன். காகிதத்தில் சொதப்பியதற்குப் பணமும் ஒரு மாதமும் போயின. வாயில் சொதப்பியதற்கு என்ன போனது என்பதைக் கீழே சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

போலிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அந்த மொழியில் இருக்கும் இஷ், உஷ் ஒலிகள் எல்லாம் நம் எழுத்தில் அடங்காது. கடைக்காரருக்குப் புரியும் அளவுக்கு வரும், அவ்வளவுதான்.

1. எதற்கு முத்திரை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முதலில் பிரியுங்கள்

அரசு அலுவலகத்தில் கொடுக்கும் வெளிநாட்டுக் காகிதத்துக்கு 'த்வூமாச் ப்ஷிஷெங்வி' செய்த மொழிபெயர்ப்பு வேண்டும். அதாவது உறுதிமொழி எடுத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பில் தன் முத்திரையைக் குத்தித் தரும் மொழிபெயர்ப்பாளர். நீங்களே இரண்டு மொழியிலும் புலியாக இருந்தாலும் உங்கள் மொழிபெயர்ப்பு அங்கே செல்லாது. ஊரில் நோட்டரியிடம் முத்திரை வாங்கி வந்ததும் செல்லாது. என் தோழி ஒருத்தி அப்படி ஒரு கட்டு கொண்டு வந்தாள், இன்னும் அலமாரியில் இருக்கிறது.

வதிவிட அனுமதிக்குக் கொடுக்கும் திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, ஓட்டுநர் உரிமத்தை மாற்றுவது ஆகியவற்றுக்கு முத்திரை கட்டாயம். வீட்டு உரிமையாளருக்குக் காட்டும் சம்பளச் சீட்டு, மருத்துவரிடம் காட்டும் பழைய மருந்துச் சீட்டு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மகனின் தடுப்பூசி அட்டையை நானே ஒரு தாளில் போலிஷில் தட்டச்சு செய்து கொண்டுபோனேன், எங்கள் மருத்துவர் அதையே ஏற்றுக்கொண்டார். கேட்காமல் எதையும் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். காகிதம் காகிதமாகப் பணம் ஏறும்.

2. அப்போஸ்டில் முதலில், மொழிபெயர்ப்பு பிறகு

இந்த வரிசையை மாற்றித்தான் நான் மாட்டினேன்.

இந்தியாவும் போலந்தும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகள். சான்றிதழின் பின்னால் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு வில்லையை ஒட்டித் தரும், அதுதான் அப்போஸ்டில், சான்றில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பதற்கு அடையாளம். அதற்கு முன் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கியிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் இதைக் கேட்பதில்லை. ஆனால் கேட்டுவிட்டால், இங்கிருந்துகொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, பெரும்பாலும் மூலச் சான்றிதழையே ஊருக்கு அனுப்ப வேண்டும்.

நான் வந்த சூட்டோடு சூடாக இரண்டு சான்றுகளை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். மொத்தம் ஐந்து பக்கம், பக்கத்துக்கு 60 ஸ்வோதி (போலந்துப் பணம்), ஆக 300. பிறகுதான் அலுவலகத்தில் அப்போஸ்டில் எங்கே என்றார்கள். கூரியரில் சென்னைக்கு அனுப்பி, அப்பா ஏஜென்ட் பின்னால் அலைந்து, திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று. வந்த பிறகு பழைய மொழிபெயர்ப்பு பயன்படவில்லை. ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இருக்கும் ஒவ்வொரு முத்திரையையும், ஒவ்வொரு கையெழுத்தையும், பின்பக்கத்து வில்லையையும் விவரித்து எழுதியாக வேண்டும். வில்லை புதிதாக ஏறியதால் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே ஊரில் இருக்கும்போதே அப்போஸ்டிலை முடித்துவிடுங்கள். அமைச்சகத்தின் கட்டணம் ஒரு சான்றுக்கு வெறும் 50 ரூபாய்தான். அதற்கு மேல் ஏஜென்ட் கேட்பதெல்லாம் அலைச்சல் கூலி.

அப்படியே இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் சான்றிதழில் ஆங்கிலம் இருக்கிறதா? தமிழ்நாட்டின் புதிய பிறப்புச் சான்றுகளில் இரண்டு மொழியும் இருக்கும். கையால் எழுதிய பழைய தமிழ்ச் சான்று என்றால் புதிதாக விண்ணப்பித்து இருமொழிப் பிரதி வாங்குங்கள். ஆங்கிலத்திலிருந்து போலிஷுக்கு மாற்ற ஆள் எளிதில் கிடைப்பார்கள், தமிழிலிருந்து மாற்ற ஆள் தேடுவது வேறு கதை.

3. உங்கள் பெயருக்கு ஒரு தாள் போடுங்கள்

பிறப்புச் சான்றில் மீனா. பள்ளிச் சான்றில் எஸ். மீனா. பாஸ்போர்ட்டில் மீனா சுந்தரம். நமக்கு ஒரே ஆள், போலந்து அலுவலருக்கு மூன்று பெண்கள். மொழிபெயர்ப்பாளர் காகிதத்தில் இருப்பதைத்தான் எழுதுவார், 'இந்த எஸ் என்பது சுந்தரம்' என்று அவராகச் சேர்க்க மாட்டார், சேர்க்கவும் கூடாது. இனிஷியல் பிரச்சினை இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊரில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அதையும் அப்போஸ்டில் கட்டோடு சேர்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். ஊர்ப் பெயர்களுக்கும் அப்படியே. பழைய பெயரும் புதுப் பெயரும் கலந்து வரும் ஊர் என்றால் கட்டாயம் கொடுங்கள்.

4. மொழிபெயர்ப்பாளரும் 'பக்கம்' என்ற மாயமும்

பட்டியல் போலந்து நீதி அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது. மொழியும் ஊரும் கொடுத்தால் பெயர்கள் வரும். தெருமுனை ஏஜென்சிக்குப் போனால் அவர்களும் இதே ஆட்களிடம்தான் கொடுப்பார்கள், நடுவில் தங்கள் பங்கை வைத்துக்கொண்டு. நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள், ஸ்கேன் செய்த கோப்பை இணைத்து விலை கேளுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. முத்திரை மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம் என்றால் நம் கண்ணுக்குத் தெரியும் தாள் இல்லை. இடைவெளியோடு சேர்த்து 1125 எழுத்துகள், அதாவது வரிக்கு 45 எழுத்து வீதம் 25 வரி. சாதாரண மொழிபெயர்ப்பில் பக்கம் என்பது பொதுவாக 1800 எழுத்து. ஆக 'பக்கம் 50' என்று ஒருவரும் 'பக்கம் 60' என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் ஒரே பக்கத்தைத்தான் சொல்கிறார்களா என்று பாருங்கள். தொடங்கிய பக்கத்தை முழுப் பக்கமாக எண்ணுவதும் வழக்கம். ஒற்றைத் தாள் பிறப்புச் சான்று, பின்பக்க அப்போஸ்டிலோடு சேர்ந்து எனக்கு மூன்று பக்கமாக விரிந்தது.

அரசு நிர்ணயித்த கட்டணம் நீதிமன்றம், காவல்துறை போன்றவர்கள் வேலை கொடுக்கும்போதுதான். நம்மைப் போன்ற தனி ஆட்களுக்குப் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் விலை. எனக்குச் சாதாரணமாக மூன்று வேலை நாள் ஆனது. மறுநாளே வேண்டும் என்றபோது பாதிக்குப் பாதி கூடக் கேட்டார்கள்.

இரண்டு பிரதி கேட்டு வாங்குங்கள். இரண்டாவது பிரதிக்கு எனக்கு மிகக் குறைவாகத்தான் ஆனது. முதல் பிரதி அலுவலகத்தில் கோப்போடு போய்விடும், திரும்பி வராது. இன்னொன்று: மூலச் சான்றைப் பார்த்து மொழிபெயர்த்தாரா, ஸ்கேனைப் பார்த்தா என்பதை அவர் மொழிபெயர்ப்பிலேயே எழுதுவார். 'நகலிலிருந்து' என்று இருந்தால் சில மேஜைகளில் முகம் சுளிப்பார்கள். விலை கேட்க ஸ்கேன், வாங்கப் போகும்போது கையில் மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை குத்துவதற்கு முன் வரைவை அனுப்பச் சொல்லுங்கள். போலிஷ் தெரியாவிட்டாலும் பெயர், தேதி, எண் மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். எண் என்றதும் ஒன்று: நம் ஊர் வங்கிக் காகிதத்தில் 5,00,000 என்று இருக்கும். போலந்தில் காற்புள்ளி என்பது தசமப் புள்ளி. மொழிபெயர்ப்பாளர் அம்மா எனக்குப் போன் போட்டு, இது ஐந்தா, ஐந்நூறா, ஐந்து லட்சமா என்று கேட்டார். லட்சம் என்பதை 'ஸ்தோ திஷென்த்ஸி', அதாவது நூறு ஆயிரம் என்று சொன்ன பிறகுதான் விட்டார். அதே போல ஆங்கிலத்து பில்லியன் போலிஷில் 'மிலியார்த்'. அவர்கள் 'பிலியோன்' என்றால் அது ஆயிரம் மடங்கு பெரியது.

5. படிவத்தில் உள்ள சொற்கள்

ஆங்கிலப் படிவத்தில் ஒரே சொல்லாக இருப்பது இங்கே இரண்டாகப் பிரியும், அதுதான் தலைவலி. 'அட்ரஸ்' என்று ஒன்று இல்லை. 'ஸமியெஷ்கானியா' என்றால் நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரி. 'ஸமெல்தொவானியா' என்றால் நகராட்சியில் பதிவு செய்த முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதிவே செய்யாமல் இரண்டாவதில் எழுதினால் பொய்த் தகவல் ஆகிவிடும்.

'நேஷனாலிட்டி' என்பதற்கும் அப்படியே. 'ஒபிவாதெல்ஸ்த்வோ' என்றால் குடியுரிமை, அதில் இந்தியா. 'நரொதொவொஷ்ச்' என்றால் இனம். 'மேரீட்' என்பதற்கு ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு வேறொரு சொல்: 'ஜொனாதி' என்றால் மனைவி உள்ளவர், 'ஸமென்ஜ்னா' என்றால் கணவர் உள்ளவர். அகராதியில் முதலில் வந்ததை எழுதி நான் கொஞ்ச நேரம் மனைவி உள்ளவளாக இருந்தேன்.

'இமியெ' என்றால் பெயர், 'நஸ்விஸ்கோ' என்றால் குடும்பப் பெயர். 'நஸ்விஸ்கோ ரொதொவெ' என்றால் பிறந்தபோதிருந்த குடும்பப் பெயர். அம்மாவின் குடும்பப் பெயரையும் கேட்பார்கள், வங்கியில் பாதுகாப்புக் கேள்வியாகக்கூட. நம் அம்மாக்களுக்கு அது ஏது? எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயரை வைத்தோம். எதை வைத்தாலும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிவத்தில் வேறு எதையாவது எழுதினால் அவ்வளவுதான்.

பொருந்தாத கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். 'நியெ தொதிசி' என்று எழுதுங்கள், பொருந்தாது என்று அர்த்தம். கடைசியில் 'சிதெல்னி போத்பிஸ்' என்று இருந்தால் கிறுக்கல் கையெழுத்து ஆகாது, முழுப் பெயரையும் வாசிக்கும்படி எழுத வேண்டும்.

6. பேச்சில் ஆங்கிலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தமிழிலிருந்து மாற்றுங்கள்

இதை எனக்கு முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பேன். நாம் எல்லாரும் மனசுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டி அதைப் போலிஷாக்கப் பார்க்கிறோம். ஆனால் போலிஷ் பல இடங்களில் நம் வழியில்தான் யோசிக்கிறது.

கோடையில் டிராமில் பக்கத்து இருக்கைப் பாட்டியிடம், 'எனக்கு ஒரே புழுக்கமாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்து 'ஐயாம் ஹாட்' என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினேன். அதற்குப் போலிஷில் படுக்கையறை அர்த்தம். பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரியானது 'கொரொந்த்ஸோ மி', அதாவது 'சூடு எனக்கு'. குளிர் என்றால் 'ஜிம்னோ மி', 'எனக்குக் குளிருது' என்பதேதான். பிடித்திருக்கிறது என்பதற்கு 'பொதோபா மி ஷெ', 'எனக்குப் பிடிச்சிருக்கு'. நமக்கு 'கு' உருபு வரும் இடத்தில் அவர்களுக்கு 'மி'.

வேற்றுமை உருபு ஏழு இருக்கிறது என்று ஆங்கிலம் பேசுபவர்கள் புலம்புவார்கள். எட்டு வேற்றுமை படித்து வந்தவர்கள் நாம். 'காவா ஸ் ம்லெகியெம், பெஸ் த்ஸூக்ரு' என்றால் 'காபி, பாலோடு, சர்க்கரை இல்லாமல்'. பால் என்ற சொல்லின் வாலும் சர்க்கரை என்ற சொல்லின் வாலும் மாறியிருக்கின்றன, நாம் 'ஓடு' போட்ட மாதிரி. ஆங்கிலத்து 'ஏ', 'தி' இரண்டும் கிடையவே கிடையாது. 'நான்' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டியதும் இல்லை, வினையிலேயே ஆள் தெரியும்.

மரியாதையும் நம் பக்கம்தான். ஆங்கிலத்து 'யூ' என்பதை 'தி' என்று மாற்றினால் அது 'நீ'. கடையிலும் அலுவலகத்திலும் 'பான்', 'பானி' சொல்லி, படர்க்கை வினை போட வேண்டும், 'ஐயா என்ன சாப்பிடறார்' என்கிற பாணி. 'செஷ்ச்' என்பதை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு 'ஜென் தோப்ரி'. லிஃப்டில் முன்பின் தெரியாதவருக்கும் அதைச் சொல்லலாம், சொல்லாவிட்டால்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு. பெண்ணும் ஆணும் 'நான்' என்று பேசும்போதே வினை மாறும். மொழிபெயர்ப்புச் செயலி பெரும்பாலும் ஆண் வடிவத்தைத்தான் துப்பும். 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'ஹ்ச்யாவ்பிம்' என்று கொடுத்தது, இரண்டு மாதம் அதையே சொன்னேன். மருந்துக்கடைப் பெண் ஒருநாள் கவுண்டரில் சாய்ந்து, மெதுவாக, 'ஹ்ச்யாவாபிம்' என்றாள். 'வா' என்ற இடத்தில் என் மூக்கை நோக்கி விரலை நீட்டினாள். பெண்கள் சொல்வது அதுதான்.

7. அந்த நாலு சொற்கள்

'ப்ரோஷெ' என்பது ஒரு சர்வரோக நிவாரணி. தயவுசெய்து, இந்தாங்க, பரவாயில்லை, என்ன சொன்னீங்க, உள்ளே வாங்க எல்லாம் அதுவே. கடையில் கேட்கும்போது 'போப்ரோஷெ' என்று தொடங்கிப் பொருளைச் சொன்னால் போதும். 'சாரி', 'எக்ஸ்கியூஸ் மீ' இரண்டுக்கும் 'ப்ஷெப்ராஷம்'.

'ஜெங்குயெ' என்றால் நன்றி. ஆபத்தானது. உணவகத்தில் பணத்தை நீட்டும்போது அதைச் சொன்னால் 'மீதி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பொருள். 38 ஸ்வோதி பில்லுக்கு 100 நோட்டைக் கொடுத்து வாய் நிறைய நன்றி சொன்னேன். பரிமாறிய பையன் முகம் மலர்ந்து, வணக்கம் போடாத குறையாகப் போனான். 62 ஸ்வோதி. போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. மீதிச் சில்லறை கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள். அதே போல விருந்து வீட்டில் 'இன்னும் கொஞ்சம்?' என்று கேட்கும்போது 'ஜெங்குயெ' மட்டும் சொன்னால் போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் 'ப்ரோஷெ'.

'நோ' என்றால் ஆமாம். நிஜமாகத்தான். பேச்சு வழக்கில் 'ம், ஆமா' என்பது போல. குழாய் ரிப்பேர்காரரிடம் நாளைக்கு வருவீர்களா என்று போனில் கேட்டேன், 'நோ, நோ, நோ' என்றார். வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். மறுப்புக்குச் சொல் 'நியெ'.

8. ஆங்கிலம் மாதிரி வேஷம் போடும் சொற்கள்

'அக்துவால்னியெ' என்றால் 'ஆக்சுவலி' இல்லை, தற்போது. 'எவெந்துவால்னியெ' என்றால் கடைசியில் நடந்தே தீரும் என்பதில்லை, நடந்தால் நடக்கலாம். வீட்டுக்காரர் மின்னஞ்சலில் இந்தச் சொல் இருந்தால் நம்பி இருக்காதீர்கள். 'ரெத்ஸெப்தா' என்பது ரசீது இல்லை, மருந்துச் சீட்டு. ரசீதுக்குப் 'பராகொன்'. 'ஃபப்ரிகா' துணி இல்லை, தொழிற்சாலை. 'டிவான்' உட்கார அல்ல, தரைவிரிப்பு. ஊறுகாயில் ப்ரிசர்வேட்டிவ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், 'ப்ரெஸெர்வதீவா' என்றால் ஆணுறை. கேட்க வேண்டியது 'கொன்செர்வந்த்'. விண்ணப்பம் என்பதற்கு 'அப்லிகாத்ஸியா' என்று அலுவலகத்தில் சொன்னால் போனில் உள்ள செயலியைத் தேடுவார்கள், அங்கே அதன் பெயர் 'வ்னியோசெக்'.

9. நேரம்

காகித வேலைக்கு நான் இப்போது புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு: ஊரில் சான்றொப்பம், அப்போஸ்டிலுக்கு ஒரு மாதம். இங்கே மொழிபெயர்ப்பாளர்களிடம் விலை விசாரிக்க இரண்டு நாள், மொழிபெயர்க்க ஒரு வாரம், தப்பு திருத்த இன்னும் இரண்டு நாள். அலுவலகச் சந்திப்பு நேரம் கிடைத்த பிறகு தொடங்கினால் நிச்சயம் ஓட்டம்தான்.

சந்திப்பு நேரத்தைப் போனில் சொன்னால் உஷார். 'ஃப்பூவ் தொ ஜெவியொந்தெய்' என்றார்கள். 'பாதி', 'ஒன்பது' இரண்டும் காதில் விழுந்ததும் ஆங்கிலத்து 'ஹாஃப் பாஸ்ட் நைன்' என்று எடுத்துக்கொண்டு ஒன்பதே காலுக்கே போய் நின்றேன், நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்ட பெருமையோடு. அவர்கள் சொன்னது ஒன்பதை நோக்கிப் பாதி, அதாவது எட்டரை. அடுத்த இடம் ஆறு வாரம் கழித்து. இப்போதெல்லாம் போனில் நேரம் சொன்னால், உடனே 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லி, குறுஞ்செய்தியும் அனுப்பச் சொல்கிறேன்.